சாக்கடைக்குப் போகும் கால் பங்கு

காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ பட்டு நெசவில் இருப்பவர்களிடம் கேட்டால் இந்தக் கணக்கைத் தயங்காமல் சொல்வார்கள். 1 கிலோ கச்சாப் பட்டு நூலைச் சாயப்பட்டறைக்குக் கொடுத்தால், சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் வெந்து, அலசி, காய்ந்து திரும்பும்போது முக்கால் கிலோதான் நிற்கும். கிலோ பல ஆயிரம் ரூபாய் விலை போகும் சரக்கில் கால் பங்கு கண்ணெதிரே தண்ணீரோடு போகிறது. அது போனால்தான் நூல் மெத்தென்று ஆகும், சாயம் சீராக ஏறும், பட்டுக்கே உரிய மினுமினுப்பு வரும். அதனால் யாரும் அதற்காக வருத்தப்படுவதில்லை. கொப்பரையில் மிஞ்சிய பழுப்பு நீர் வாய்க்காலில் சேர்கிறது.

அந்த நீரில் கரைந்திருப்பது செரிசின் என்ற புரதம். தொழிலில் இருப்பவர்களுக்கு அது வெறும் கோந்து. தீக்காயம் விரைவில் ஆறவும், ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்கள் பெருகவும் இதே கோந்து உதவுகிறது என்று கடந்த முப்பது ஆண்டுகளில் பல நாட்டு ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். மருத்துவமனைக்குப் போகக்கூடிய ஒரு பொருள் ஏன் இன்னும் வாய்க்காலுக்கே போகிறது? இதற்குப் பதில் தேட வேண்டுமானால் முதலில் புழுவின் உடலுக்குள் போகவேண்டும்.

மல்பெரி இலையைத் தின்று ஏறத்தாழ 25 நாட்களில் தன் எடையை 10,000 மடங்கு பெருக்கிக்கொள்ளும் பட்டுப்புழுவின் உடலில், இரு பக்கமும் நீண்டு மடங்கிக் கிடக்கும் ஒரு ஜோடிச் சுரப்பிகள் உண்டு. சுரப்பியின் பின்பகுதி ஃபைப்ராயின் என்ற புரதத்தை உண்டாக்குகிறது. நடுப்பகுதி செரிசினை உண்டாக்கி அதன்மேல் பூசிவிடுகிறது. வாயருகே இரண்டு சுரப்பிகளும் சேர்ந்து ஒரே இழையாக வெளியே வருகின்றன. அந்த இழையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், ஒரே உறைக்குள் இரண்டு கம்பிகள் ஓடும் மின்வயரைப் போலத் தெரியும். உள்ளே முக்கோண முகம் கொண்ட இரண்டு ஃபைப்ராயின் இழைகள், அவற்றைச் சுற்றிச் செரிசின் உறை. தலையை எட்டு வடிவில் ஆட்டி ஆட்டி இரண்டு மூன்று நாட்களில் புழு கட்டி முடிக்கும் கூட்டில், நல்ல வெண்பட்டு ரகமாக இருந்தால், 1 கிலோமீட்டரைத் தாண்டும் ஒரே இழை சுற்றிக்கிடக்கும். செரிசின் இல்லாவிட்டால் சுற்றுக்குச் சுற்று ஒட்டாது. கூடு கலைந்து நூல்குவியலாகிவிடும்.

இரண்டும் புரதம்தான். ஆனால் ஒன்று கொதிநீரில் கரைகிறது, மற்றொன்று அசைந்துகொடுப்பதில்லை. ஃபைப்ராயினில் கிளைசின், அலனின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலங்கள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருகின்றன. சிறியவை என்பதால் சங்கிலிகள் நெருங்கிப் படிந்து தகடு தகடாக இறுகுகின்றன. அந்த அடுக்குக்குள் தண்ணீர் நுழைய இடமில்லை. எஃகு இழையோடு ஒப்பிட்டுப் பேசும் அளவுக்குப் பட்டுக்கு உறுதி கிடைப்பது இதனால்தான். செரிசினில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செரின் என்ற அமினோ அமிலம். அதன் பக்கவாட்டில் நிற்கும் ஹைட்ராக்சில் தொகுதி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எமில் கிராமர் என்ற வேதியியலாளர் 1865இல் செரினை முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே பட்டின் இந்தக் கோந்திலிருந்துதான். ஈரத்தைத் தேக்கிவைக்கும் இந்தக் குணமே பின்னாளில் கோந்துக்குக் கிடைத்த மதிப்புக்கெல்லாம் அடிப்படை.

பட்டுத் தொழிலில் கழிவு என்பது செரிசின் மட்டும் இல்லை. 1 கிலோ கச்சாப் பட்டு நூற்க, ரகத்தைப் பொறுத்து, 6 முதல் 8 கிலோ வரை பச்சைக் கூடு வேண்டும். கூட்டின் எடையில் பெரும்பகுதி உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவுடையது. கூட்டின் வெளிப்புறப் பஞ்சு, நூல்முனை தேடும்போது வரும் சிக்கல் நூல், நூற்று முடித்தபின் கூட்டுப்புழுவைச் சுற்றி மிஞ்சும் மெல்லிய சவ்வு, முட்டை உற்பத்தி நிலையங்களில் அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய ஓட்டைக் கூடு, கறை படிந்த கூடு, இரண்டு புழு சேர்ந்து கட்டிய இரட்டைக் கூடு எல்லாம் தனித்தனியாகக் குவிகின்றன. இவற்றில் இழையாக உள்ளவற்றைப் பட்டுக்காரர்கள் ஒருபோதும் வீணாக்கியதில்லை என்பதையும் சொல்லவேண்டும். கழிவுப் பட்டைச் சீவி, பஞ்சுபோல் நூற்று, துணி நெய்யும் ஆலைகள் நெடுங்காலமாக உண்டு. கர்நாடகத்தின் சென்னபட்டணா ஆலை நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் எடுத்துக்காட்டு. கையில் பிடிக்க முடிந்ததை எல்லாம் தொழில் காப்பாற்றிவிட்டது. தண்ணீரில் கரைந்ததை மட்டும்தான் விட்டுவிட்டது.

விட்டது எவ்வளவு? உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் டன் உலர்ந்த கூடு உற்பத்தியாகிறது என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து 50,000 டன் செரிசினை மீட்கலாம் என்பது ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் மதிப்பீடு. இந்தியா சீனாவுக்கு அடுத்த இரண்டாவது பெரிய பட்டு உற்பத்தி நாடு. 2023-24இல் இங்கே உற்பத்தியான கச்சாப் பட்டு 38,913 டன். அதில் மல்பெரிப் பட்டு மட்டும் ஏறத்தாழ 30,000 டன். கால் பங்கு என்று நெசவாளர் சொல்லும் கணக்கை இதன்மேல் போட்டால், ஏறத்தாழ 7,500 டன் புரதம் ஆண்டுதோறும் நம் நாட்டின் கொப்பரைகளில் கரைகிறது.

கரைந்தது சும்மாவும் இருப்பதில்லை. வாய்க்காலிலோ குளத்திலோ கலக்கும் புரதத்தை நுண்ணுயிர்கள் தின்கின்றன. தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. மீனுக்கும் மற்ற உயிர்களுக்கும் மூச்சுக்குக் காற்றில்லாமல் போகிறது. நைட்ரஜன் மிகுந்த பொருள் அழுகுவதால் நாற்றமும் வருகிறது. காஞ்சிபுரத்தின் வேகவதி ஆற்றைப் பற்றிய பேச்சில் சாயத்தின் நிறம்தான் முதலில் வரும், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. நிறமே இல்லாத கோந்தும் ஆற்றுக்குத் தீங்குதான்.

இந்தக் கழிவைப் பொருளாகப் பார்த்த முதல் தொழில் நிறுவனங்களில் ஒன்று ஜப்பானின் புகுயி நகரில் இருக்கிறது. 1889இல் பட்டின் கோந்து நீக்கும் பட்டறையாகத் தொடங்கிய செய்ரென் நிறுவனம், நூறாண்டுக் காலம் செரிசினைக் கழுவி வெளியே விட்ட நிறுவனம்தான். கொப்பரை நீரில் கைவைத்து வேலைசெய்தவர்களின் கைகள் மென்மையாக இருந்ததைக் கவனித்ததே தங்கள் ஆராய்ச்சிக்குத் தொடக்கம் என்று அந்த நிறுவனம் சொல்லிவருகிறது. வேலையாட்களின் கையில் தெரிந்ததை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்து, செரிசினைத் தூளாக்கி, முகப்பூச்சு, தோல் பராமரிப்புப் பொருள்கள், செரிசின் பூசிய துணி என்று சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தின் நோரிஹிசா காட்டோவும் சகாக்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பக்கபலமாயிற்று. கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து கெடுவதைச் செரிசின் தடுக்கிறது, தோலின் கருமைக்கும் வெட்டிய பழம் கறுப்பதற்கும் காரணமான டைரோசினேஸ் என்ற நொதியின் வேகத்தையும் குறைக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள்.

அழகுப்பொருளோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கு ஓர் அத்தியாயம் தேவைப்பட்டிருக்காது. புகுயியிலிருந்தே இன்னொரு வழி பிறந்தது. தடுப்பூசிக்கும் நோய் எதிர்ப்பு மருந்துகளுக்கும் விலங்குச் செல்களைப் பாத்திரத்தில் வளர்க்கவேண்டியிருக்கிறது. அவற்றுக்குத் தீனியாகச் சேர்க்கப்படுவது பெரும்பாலும் கருவிலிருக்கும் கன்றின் இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம். விலை அதிகம், தொகுதிக்குத் தொகுதி தரம் மாறும், விலங்கு நோய் தொற்றும் அபாயமும் உண்டு. செரிசின் சேர்த்தால் பல வகைப் பாலூட்டிச் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன என்று புகுயி ஆய்வாளர்கள் 2002இல் எழுதினார்கள். செல்களை உறையவைத்துப் பாதுகாக்கும் கரைசலிலும் அது பயன்படும் என்று அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது. அழுக்குநீர் என்று கொட்டியது, கன்றின் குருதிக்கு மாற்றாக நிற்கும் தகுதியைப் பெற்றது.

மருத்துவத்துக்குள் நுழைய ஒரு பழைய பழியைத் தீர்க்கவேண்டியிருந்தது. அறுவை சிகிச்சையில் பட்டு நூலால் தையல் போடுவது பழைய வழக்கம். சிலருக்குத் தையல் போட்ட இடத்தில் வீக்கமும் ஒவ்வாமையும் வந்தன. கோந்துதான் காரணம் என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லானின் குழு 2003இல் இதை நேரடியாகச் சோதித்தது. உடலின் காவல் செல்களான மேக்ரோஃபேஜ்களோடு செரிசினைத் தனியாகச் சேர்த்தபோது அவை கிளர்ச்சி அடையவில்லை. ஆனால் பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் நச்சோடு செரிசினைச் சேர்த்தபோது, நச்சால் மட்டும் வரும் எதிர்வினையைவிட அதிகமான எதிர்வினை வந்தது.

இந்த ஆய்வைப் பலர் செரிசினுக்குக் கிடைத்த விடுதலையாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் இரண்டாம் பாதிதான் தொழிலுக்கு முக்கியம். தூய செரிசினால் தீங்கில்லை. பாக்டீரியா மொய்த்த நீரிலிருந்து எடுத்த செரிசின் ஆபத்தானது. வாய்க்காலில் விட்டபிறகு வடிகட்டி எடுத்து மருந்தாக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மருந்துக்கான கோந்தைக் கொப்பரையிலேயே, அது புதிதாகக் கரையும்போதே, சுத்தமாகப் பிடிக்கவேண்டும்.

பாங்காக்கின் சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பேராசிரியர் பொர்னனோங் அராம்வித் செய்வது அதைத்தான். கூடுகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, சோப்போ சோடாவோ சேர்க்காமல், தூய நீரோடு அழுத்தக் கலத்தில் 120 டிகிரி செல்சியஸில் 1 மணி நேரம் வைக்கிறார்கள். மருத்துவமனையில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் அதே வகைக் கலம். சூட்டிலும் அழுத்தத்திலும் கோந்து தானாகக் கரைந்து இறங்குகிறது. வடிகட்டினால் தண்ணீரும் செரிசினும் மட்டும்தான். கூடவே கிருமியும் சாகிறது.

அப்படி எடுத்த செரிசினை, தீக்காயத்துக்கு வழக்கமாகப் பூசும் வெள்ளி-துத்தநாக சல்ஃபாடயசின் களிம்பில் கலந்து நோயாளிகளிடம் சோதித்தார்கள். 29 பேர், 65 காயங்கள். எந்தக் காயத்துக்கு எந்தக் களிம்பு என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. வழக்கமான களிம்பு மட்டும் பூசிய காயங்கள் முழுதாக ஆறச் சராசரியாக 29 நாட்கள் ஆயின. செரிசின் சேர்த்த களிம்பு பூசியவை ஏறத்தாழ 22 நாட்களில் ஆறின. தொற்றோ கடுமையான எதிர்வினையோ காணப்படவில்லை. 2013இல் வெளியான இந்த முடிவைப் பார்த்துத் துள்ளிக் குதிக்கவேண்டாம், நோயாளிகளின் எண்ணிக்கை சிறியது. ஆனால் தீக்காய வார்டில் 1 வாரம் என்றால் என்ன என்பது அங்கே படுத்தவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும்தான் தெரியும். ஒவ்வொரு நாளும் கட்டுப் பிரிக்கும் வேதனை, தொற்று பற்றிய பயம், கூலி இல்லாத நாள் எல்லாம் அதில் அடங்கும். அதே குழு வேறொரு சோதனையில், தோல் ஒட்டுச் சிகிச்சைக்காகத் தோல் எடுத்த இடத்தில் செரிசின் கசியும் கட்டைப் போட்டது. 14 நாட்களில் ஆறுவது 12 நாட்களில் ஆறியது.

காயம் ஏன் விரைவில் ஆறுகிறது? செரிசின் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ஈரமான காயத்தின்மேல் புதுத் தோல் செல்கள் எளிதாக நகர்ந்து மூடுகின்றன. கொலாஜன் என்ற தாங்குபுரதம் உண்டாவதையும் அது தூண்டுகிறது. காயம் ஆறுவதற்கான முழு விளக்கம் இன்னும் ஆய்வில் இருந்தாலும், மலிவான ஒரு பொருள் களிம்பின் வேலையைக் கூட்டுகிறது என்பது வரவேற்க வேண்டிய செய்தி.

கோந்தை விட்டு இழைக்கு வருவோம். நூற்க உதவாத ஓட்டைக் கூடும் கறைக்கூடும் சிக்கல் நூலும் வேதியியல் கண்ணுக்கு முதல்தரக் கூட்டுக்குச் சமம். இழை அறுந்திருந்தாலும் மூலக்கூறு மாறுவதில்லை. அந்த ஃபைப்ராயினைக் கரைத்துத் திரவமாக்கிவிட்டால், படலமாகவும் பஞ்சாகவும் கூழாகவும் உருளையாகவும் எப்படி வேண்டுமானாலும் வார்க்கலாம். கரைப்பதற்கு ஆய்வுக்கூடங்கள் லித்தியம் புரோமைடு உப்பைப் பயன்படுத்துகின்றன. அடர்ந்த கரைசலில் 60 டிகிரியில் 4 மணி நேரம் வைத்து, பிறகு சவ்வுப் பைக்குள் ஊற்றி இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து உப்பை வெளியேற்றுவார்கள். லித்தியம் உப்பு விலை அதிகம் என்பதால், கால்சியம் குளோரைடும் எத்தனாலும் தண்ணீரும் கலந்த கரைப்பானும் புழக்கத்தில் இருக்கிறது. தொழிலளவில் செய்ய நினைப்பவர்கள் இந்த இரண்டாவதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

டஃப்ட்ஸில் ஃபியோரென்சோ ஓமெனெட்டோவின் ஆய்வகத்தில் பணியாற்றிய பெனடெட்டோ மாரெல்லி, ஃபைப்ராயின் கரைசலில் தோய்த்த ஸ்ட்ராபெரிப் பழம் ஒன்றை மேசையில் மறந்துவிட்டார். தோய்க்காத பழங்கள் கெட்டுப்போக, இது மட்டும் ஒரு வாரம் கழித்தும் நன்றாக இருந்தது. 2016இல் வெளியான அந்தக் குழுவின் ஆய்வில், மனித முடியைவிட மெல்லிய 27 முதல் 35 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள நிறமற்ற, மணமற்ற பட்டுப் பூச்சு ஸ்ட்ராபெரியின் சாறு வற்றுவதையும் வாழைப்பழம் பழுப்பதையும் தாமதப்படுத்தியது. குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை, பூச்சை உரிக்கவும் வேண்டாம், தின்றுவிடலாம். இதை வைத்து அவரும் சகாக்களும் கேம்பிரிட்ஜ் கிராப்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பின்னர் அதன் பெயர் மோரி என்று மாறியது.

மாரெல்லி பிறகு எம்.ஐ.டி. என்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போய்ச் செய்த வேலை இன்னும் முக்கியமானது. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, வைட்டமின், வாசனைப் பொருள் ஆகியவை மெல்ல மெல்லக் கசிந்து வரவேண்டும் என்பதற்காக அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் குமிழ்களுக்குள் அடைக்கும் பழக்கம் உண்டு. உள்ளே இருந்தது தீர்ந்ததும் குமிழ் மண்ணிலும் நீரிலும் தங்கிவிடுகிறது. இப்படி வேண்டுமென்றே சேர்க்கும் நுண்பிளாஸ்டிக்கைப் படிப்படியாக விலக்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023 செப்டம்பரில் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டே எம்.ஐ.டி. குழு, பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தோடு சேர்ந்து, நெசவுக்கு உதவாத பட்டிலிருந்து அந்தக் குமிழ்களைச் செய்துகாட்டியது. ஆலைகளில் ஏற்கெனவே இருக்கும் தெளிப்பு இயந்திரங்களே போதும். பட்டுக் குமிழில் அடைத்த களைக்கொல்லியைப் பசுமைக்குடிலில் மக்காச்சோளப் பயிரில் தெளித்தபோது, சந்தையில் இருக்கும் சரக்கைவிட நன்றாக வேலை செய்தது, பயிருக்கும் சேதம் குறைவு. பட்டுக் கழிவின் பெரிய எதிர்காலம் இங்கேதான் இருக்கிறது. மருந்துக்கு வேண்டியது கிலோக்கணக்கு, வேளாண்மைக்கு வேண்டியது டன்கணக்கு. தரத்திலும் அவ்வளவு கறார் வேண்டியதில்லை.

இந்தியாவிலும் வேலை நடக்காமல் இல்லை. காரக்பூர் ஐ.ஐ.டி.யில் சுபாஸ் குண்டு பல ஆண்டுகள் டசார் பட்டின் செரிசினையும் ஃபைப்ராயினையும் திசுப் பொறியியலுக்குப் பயன்படுத்தும் ஆய்வை நடத்தினார். காட்டு மரங்களில் வளரும் டசார் புழுவின் ஃபைப்ராயினில் செல்கள் பற்றிக்கொள்ள உதவும் ஓர் அமினோ அமில வரிசை இயற்கையாகவே இருக்கிறது. மல்பெரிப் பட்டில் அது இல்லை. கௌஹாத்தி ஐ.ஐ.டி.யில் பிமான் மண்டலின் குழு அசாமின் எரி, முகா பட்டுகளை எடுத்துக்கொண்டது. புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் அனுயா நிசல் ஃபைப்ராயினிலிருந்து எலும்புக் குழியை நிரப்பும் நுண்துளைப் பொருளை உருவாக்கி, செரிஜென் என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். பெங்களூருவின் ஃபைப்ரோஹீல் நிறுவனம் பட்டுப் புரதத்தில் காயக்கட்டு தயாரிக்கிறது.

கூட்டுப்புழுவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதன் பயன் பழையது. உலர்த்தினால் அதில் பாதிக்கும் மேல் புரதம், கால் பங்குக்கு மேல் கொழுப்பு. கொரியாவில் அது தெருவோரத் தின்பண்டம், அசாமில் எரிப் புழு வீட்டு உணவு, மற்ற இடங்களில் கோழிக்கும் மீனுக்கும் தீவனம். கூட்டோடு வெந்தபின் உடனே உலர்த்தாவிட்டால் கொழுப்பு சிக்குப்பிடித்து நாறிவிடும் என்பது ஒன்றுதான் தொல்லை. நூற்பு நிலையத்துப் பக்கத்திலேயே எண்ணெயைப் பிரித்துவிட்டால் மிச்சமிருப்பது நல்ல புரதத் தூள். மின்சாரத்தைச் சேமிக்கும் கருவிகளுக்கும் பட்டு பயன்படலாம். பெய்ஜிங் ஆய்வாளர்கள் 2015இல் பட்டைக் கரியாக்கி, புரதத்தில் இயல்பாக இருக்கும் நைட்ரஜனோடு கூடிய நுண்துளைக் கார்பன் தகடுகளைச் செய்தார்கள். 10,000 தடவை மின்னேற்றி இறக்கியபின்னும் திறனில் 9 சதவீதமே குறைந்தது. நல்ல அறிவியல் இது. ஆனால் புரதத்தை எரித்துக் கரியாக்குவதற்கு முன் அதைப் புரதமாகவே பயன்படுத்தப் பார்ப்பதுதான் நியாயம்.

ஜப்பானியர் செரிசின் விஷயத்தில் கடைசி எல்லைக்கே போய்விட்டார்கள். ஃபைப்ராயினைச் சரியாகச் சுரக்க முடியாத மரபுக் குறையுள்ள புழுக்களிலிருந்து, கூடு முழுவதும் ஏறத்தாழ செரிசினாலேயே ஆன ஒரு ரகத்தைப் பெருக்கினார்கள். செரிசின் ஹோப் என்று அதற்குப் பெயர். நூற்க நூலே இல்லாத, கோந்து மட்டுமே உள்ள கூடு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கழுவி ஊற்றிய பொருளுக்காகவே புழு வளர்க்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்தும் நம் கொப்பரைகள் ஏன் மாறவில்லை? முதல் காரணம் சோப்பு. சோப்பும் சோடாவும் கோந்தை வேகமாக, சீராக, மலிவாக நீக்குகின்றன. அதனால்தான் அந்த முறை இத்தனை காலம் நிலைத்தது. ஆனால் அந்த நீரில் செரிசினோடு சோப்பும் காரமும் உப்பும் பின்னிக் கிடக்கின்றன. காரம் செரிசினைச் சிறு துண்டுகளாக நறுக்கியும்விடுகிறது. முழு மூலக்கூறின் குணம் துண்டுக்கு இருக்காது. நுண்ணிய சவ்வுகளில் அழுத்தி வடித்துப் புரதத்தைத் தனியாகவும் தண்ணீரை மறுபடி பயன்படுத்தவும் எடுக்கலாம் என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 1996இலேயே எழுதினார்கள். செய்யலாம்தான், ஆனால் சவ்வு அடைத்துக்கொள்ளும், செலவு ஏறும். சோப்பே கலக்காத நீரில் இருந்து எடுப்பது எளிது. கூடு வேகவைக்கும் நூற்பு நிலையத்து நீரில் சோப்பு கிடையாது என்பதைக் கவனித்துத் துருக்கியில் அந்த நீரிலிருந்து செரிசினைப் பிரிக்கும் ஆய்வுகள் நடந்தன. ராமநகரத்திலும் தருமபுரியிலும் இருக்கும் நூற்பாளர்கள் நாள்தோறும் கொட்டும் நீர் அது.

இரண்டாவது காரணம் சிதறல். காஞ்சிபுரத்தின் ஒரு சாயப்பட்டறை ஒரு நாளில் வேகவைக்கும் பட்டு சில கிலோ. அதிலிருந்து வரும் கோந்துக்காக யாரும் அழுத்தக் கலமும் சவ்வும் தூளாக்கும் இயந்திரமும் வாங்கமாட்டார்கள். செய்ரென் போல நூறாண்டு ஓரிடத்தில் குவிந்த ஆலைக்கு இருந்த வசதி நம் நெசவூர்களுக்கு இல்லை.

மூன்றாவது, சந்தையில் நிலவும் மிகைப்பேச்சு. ஷாம்பு பாட்டிலில் பட்டுப் புரதம் என்று எழுதியிருந்தால் அது எந்தப் புரதம், எவ்வளவு, எந்த அளவுத் துண்டு என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. எடுக்கும் முறைக்கு ஏற்பவும், புழுவின் ரகத்துக்கு ஏற்பவும் செரிசினின் குணம் மாறுகிறது. ஒரு தூளை வைத்து நடந்த ஆய்வின் முடிவை எல்லாத் தூளுக்கும் ஏற்றிச் சொல்வது நேர்மையில்லை. தரநிர்ணயம் வராமல் நெசவாளருக்கு நிலையான விலை கிடைக்காது.

தீர்வு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. நூலை மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் சங்கம், கோந்து நீக்கும் வேலையையும் பொதுவாக ஓரிடத்தில் செய்யலாம். சோப்புக்குப் பதில் அழுத்தத்தில் சூடேற்றிய தண்ணீர், மிச்சக் கோந்துக்கு மட்டும் சிறிது சோப்பு என்று இரண்டு கட்டமாகப் பிரித்தால், முதல் கட்டத்து நீரில் சுத்தமான செரிசின் கிடைக்கும், இரண்டாம் கட்டத்துக் கழிவும் இலேசாகும். எரிபொருள் செலவு கூடும், சாயம் சீராக ஏறுகிறதா என்று ஒவ்வொரு நூல் ரகத்துக்கும் பார்க்கவேண்டியிருக்கும். இதைச் சோதித்துச் சொல்லும் திறமை பெங்களூருவில் இருக்கும் மத்திய பட்டுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துக்கு உண்டு. மத்திய பட்டு வாரியமும் தமிழ்நாடு பட்டு வளர்ச்சித் துறையும் சேர்ந்து முதலில் ஒரே ஒரு சங்கத்தில் ஒரு பொதுக் கொப்பரையை அமைத்து, ஓராண்டு நடத்தி, எத்தனை கிலோ செரிசின் கிடைத்தது, என்ன செலவு, என்ன விலை என்ற கணக்கை நெசவாளர் முன்னால் வைக்கட்டும். நூலின் முழு எடைக்கும் பணம் கொடுத்தவர் நெசவாளர். கரைந்துபோகும் கால் பங்கிலிருந்து ஒரு வருமானம் வந்தால், அதில் முதல் உரிமை அவருக்குத்தான்.